தீனி பத்தாது

விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் டிவியைப் பார்ப்பார்கள். அண்ணன் டிவிக்குப் பின்னால் பார்ப்பார். கையில் கொடுத்த சிராப் தண்ணியை எங்கேயோ வைத்துவிட்டு, கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, அலமாரி இடுக்கில் தலையை நுழைப்பார். ரிசீவரின் பின்தகட்டிலுள்ள பொடி எழுத்தைப் படிப்பார். ஸ்பீக்கரைத் திருப்பி அதன் முதுகையும் படிப்பார். பிறகு முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்து தீர்ப்பு சொல்வார்: "தீனி பத்தாது தம்பி."

தீனி ஸ்பீக்கருக்கு. ரிசீவர் போடும் வாட்ஸ் அதன் பசிக்குக் காணாதாம்.

இதுவரை அவர் வாயிலிருந்து 'பத்தும்' என்று வந்து யாரும் கேட்டதில்லை. இரண்டாயிரம் வெள்ளி ரிசீவரா? பத்தாது. அதை விற்றுவிட்டு ஐயாயிரத்துக்கு வாங்கினால், "இப்பப் பரவால்ல, ஆனா பத்தாதுலா." கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், இவர் மேடைக்குப் பக்கவாட்டில் குனிந்து மைக் செட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் மூன்று முடிச்சுக்கும் பின்னணியாக அவருடைய பின்புறம் இருக்கிறது. ஒரு சாவு வீட்டில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த புளூடூத் பெட்டியை அவர் நெருங்கியபோது, வேண்டாம் அண்ணே என்று கண்ணைக் காட்டினேன். மரியாதை தெரிந்தவர், அங்கே வாயைத் திறக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொன்னார்.

சனிக்கிழமையானால் தாமான் ஜெயா எல்ஆர்டியில் இறங்கி ஆம்கார்ப் மாலுக்குள் போய்விடுவார். பழைய இசைத்தட்டும் பழைய ஆம்ப்ளிஃபயரும் தேடுகிறவர்கள் கூடும் இடம். அங்கேயும் செட்டைத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பார். ஒரு ரிசீவருக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். 2012 டிசம்பரில் 'சிவாஜி' படம் முப்பரிமாணத்தில், தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் டோல்பி அட்மாஸ் ஒலியோடு மறுபடி வந்ததே, அதிலிருந்து கூரைக்கும் பசி எடுத்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் மேலேயும் ஒரு பார்வை.

எரிச்சல் எங்கே வருகிறதென்றால், மனுஷன் சொல்வதில் பாதி உண்மை. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 90 டெசிபெல் காட்டும், இன்னொன்று 84தான் காட்டும். முன்னது 25 வாட்ஸில் போடும் சத்தத்தை எட்டப் பின்னதற்கு 100 வாட்ஸ் வேண்டும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 8 ஓம்ஸைவிட இரட்டிப்புக் கரண்டு இழுக்கும். சத்தத்தை ஏற்றினால் மலிவு ரிசீவர் சூடேறித் தானே அணைந்துகொள்ளும். பெட்டியில் கொட்டை எழுத்தில் 150 வாட்ஸ் என்று போட்டிருப்பது பல நேரம் ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓம்ஸில், 10 விழுக்காடு ஒலிச்சிதைவு கலந்தாலும் பரவாயில்லை என்று அளந்த கணக்கு. 8 ஓம்ஸில் இரண்டு சேனலும் ஓடும்போது எவ்வளவு என்று தேடிப் படிக்க வேண்டும். இவ்வளவையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், மாமாக் கடையில், என் காசில் வந்த தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க.

மீதிப் பாதியை மட்டும் சொல்ல மாட்டார். வாட்ஸ் இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபெல்தான். 80 வாட்ஸ் ரிசீவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு 110 வாட்ஸ் வாங்கிய என் மச்சானுக்குக் கிடைத்தது ஒன்றரை டெசிபெல்கூட இல்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துப் படம் பார்க்கிறவன் அவன். அந்த நேரத்தில் அவன் ஸ்பீக்கர் தின்பது ஒரு வாட்ஸ்கூட இருக்காது.

வசனம் புரியவில்லை என்றுதான் அவன் முதலில் இவரிடம் போனான். எப்படிப் புரியும்? நம் வரிசை வீடுகளில் தரை முழுக்க வழவழ டைல்ஸ், சுற்றிலும் வெறும் சிமெண்டுச் சுவர், வாசலில் கண்ணாடி இழுகதவு. ஹாலில் கரண்டி விழுந்தால் அடுக்களைவரை போய்த் திரும்பி வருகிறது. அவனுக்குத் தேவைப்பட்டது சோபாவுக்கு முன்னால் ஒரு தடித்த கம்பளமும், கதவுக்குக் கனத்த திரைச்சீலையும். அண்ணன் கம்பளத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். அதற்கு மாடல் நம்பர் கிடையாது. திருப்பிப் போட்டாலும் படிக்க ஒன்றும் இருக்காது. மச்சான் இன்னும் அந்த ரிசீவருக்குத் தவணை கட்டுகிறான். வசனம் இன்னும் புரியவில்லை. இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டாமா?

ஆனாலும் ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியான இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மின்னலில் ரிசீவர், டிவி, மோடம் மூன்றும் போய்விடும். வானம் கறுத்தால் போதும், அண்ணனிடமிருந்து வாட்சப் வந்துவிடும்: "ப்ளக்கப் புடுங்கு. அஸ்ட்ரோ வயரையும் புடுங்கு." வாட்ஸ் இல்லை, ஓம்ஸ் இல்லை, தீனி இல்லை. நான் பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன், ப்ளக் கிள்ளானில் இருக்கிறது. அவசரமாக வீட்டுக்குப் போன் அடித்தால் மனைவி சொல்கிறாள், "அப்பவே புடுங்கிட்டேன். அண்ணன் எனக்குத்தான் மொதல்ல அனுப்பினாரு. நீங்க போன் பாக்க மாட்டீங்களாம்."