தெர்மாகோல் பொதிகை

என்னவே மருமவனே, ராத்திரி பத்து மணிக்குக் கத்தியும் பசையுமா உக்காந்திருக்கீரு? ஓ, மவனோட பூகோள வீட்டுப்பாடமா! சரிதான். பிள்ளை கட்டில்ல கொறட்டை விடுதான், அப்பனும் அம்மையும் தரையில உக்காந்து தெர்மாகோல்ல மலை செதுக்குதிய. மார்க்கு யாருக்குவே போடுவாவ?

என்ன மலைன்னு பாத்தா பொதிகையாம். பச்சைப் பெயிண்டு, உச்சியில பஞ்சு மேகம், உள்ள சீரியல் பல்பு வேற. பக்கத்து வீட்டுக்காரன் மலையில பல்பு எரிஞ்சுதுன்னு வாட்ஸப்புல பாத்துட்டீரோ? ஏன்வே, நாம குடியிருக்கது அம்பாசமுத்திரம். பிள்ளையை மச்சுக்குக் கூட்டிட்டுப் போயி மேக்க திருப்பி நிறுத்தினா, செலவில்லாம மலை நிக்கும்லா?

டேப்ல பூமி உருண்டையைச் சுத்தி விடுதான் உம்ம மவன். ஆண்டிஸ் மலை எங்கன்னா டக்குனு தொட்டுக் காட்டுதான். நம்ம வீட்டு வாசல் எந்தத் திசையைப் பாத்திருக்குன்னா முழிக்கான். அந்தக் காலத்துல பந்தியில கூட "கொஞ்சம் தெக்க தள்ளி உக்காரு"ன்னுதான் சொல்லுவாவ. இப்ப எல்லாம் லெப்டு ரைட்டு. பெறவு மேப்புல கெழக்கு மேக்கு மாறாம என்ன செய்யும்?

ஒரு கம்பை முத்தத்துல நடச் சொல்லும். சித்திரை பொறக்கிற சமயம் நம்ம ஊர்ல சூரியன் நேர் உச்சிக்கு வரும், கம்போட நிழல் அடியிலயே ஒடுங்கிரும். ஆனா கடியாரத்துல 12 அடிக்கும்போது பாத்தீருன்னா ஒடுங்காது. கிட்டத்தட்ட 12.20 ஆகணும். ஏன்னு அவனையே கேளும். நம்ம கடியாரம் மிர்சாப்பூர் பக்கம் போற 82½ டிகிரி கோட்டுக் கணக்குல ஓடுது. நாம அதுக்கு அஞ்சு டிகிரி மேக்க கெடக்கோம். பூமி ஒரு டிகிரி திரும்ப நாலு நிமிசம். பெருக்கிப் பாக்கட்டும். தீர்க்கக்கோட்டை மனப்பாடம் பண்ணச் சொல்லி ஏன் பிள்ளையை வதைக்கீரு?

ஆனி ஆடியில குத்தாலத்துல அருவி கொட்டுது, திருநவேலியில புழுதி பறக்குது. இது என்ன ஓரவஞ்சனைன்னு கேளும். தென்மேக்குப் பருவக்காத்து அரபிக்கடல் ஈரத்தைச் சொமந்துட்டு வருது. மலையேறினதும் குளுந்து, கேரளாவுலயே பெய்து தீத்துருது. சந்தையில சரக்கை வித்துட்டு வெறுஞ்சாக்கை உதறிக்கிட்டு வர்ற யாவாரி மாதிரி இந்தப் பக்கம் எறங்குது. மலையடியில இருக்கதால குத்தாலத்துக்குச் சாரல். தள்ளி இருக்க திருநவேலி ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் காத்துக் கெடக்கணும். 'மழைமறைவுப் பிரதேசம்'னு புஸ்தகத்துல போட்டிருக்கது இதைத்தான். இதைப் புரிஞ்சவன் பரிச்சையில வாயைப் பொளந்துட்டு உக்காருவானா?

மார்க்கும் வேணும்தான், வேண்டாங்கல. மேப்பைக் குடுத்தா மொதல்ல மேக்குத்தொடர்ச்சி மலையை இழுக்கச் சொல்லும். பெறவு தெக்கேயிருந்து தாமிரபரணி, வைகை, காவேரின்னு வரிசையா வரட்டும். மூணும் அந்த மலையில பொறந்து கெழக்காமதான் போவுது. கோடு கோணலாப் போனா போகட்டும். ஆறு என்ன ஸ்கேல் வச்சா ஓடுது? ரப்பரைக் கையில வச்சுக்கிட்டு அவன் பின்னாலயே நிக்காதேயும்.

இந்த ஞாயித்துக்கிழமை அவனைக் கொற்கைக்குக் கூட்டிட்டுப் போரும். பாண்டியன் காலத்துல முத்துக் குளிச்ச தொறமுகம். எறங்கினதும் அலையைத் தேடுவான். வயலும் குளமும்தான் இருக்கும். கடலை யாரு தூக்கிட்டுப் போனான்னு கேளும். பதில் சொல்லிராதேயும், வாயை அடக்கிட்டு இரும். தாமிரபரணி ஆறு வண்டலைக் கொண்டாந்து தள்ளித் தள்ளிக் கடல் பல கிலோமீட்டர் வெலகிப் போச்சுன்னு அவனே வந்து சேருவான். பெறவு அந்த ஆறு கடல்ல விழுற புன்னைக்காயலையும் பாத்துட்டு வாங்க. பஸ்ஸு எங்கெங்க மாறணும்னு மேப்பைப் பாத்து அவனே சொல்லட்டும். உமக்கு எப்படியும் தெரியாதுல்லா?