ஆயிரத்தைந்நூறு ரூபாய் ஷூ

நான் ஷூ வாங்குவதெல்லாம் எனக்காக இல்லை. விடிகாலை நாலரைக்கு எழுகிற, தொப்பை இல்லாத, போடிமெட்டு ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஓடிக் கடக்கிற ஒருத்தனுக்காகவே வாங்குகிறேன். அவன் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை நான் போட்டுக்கொண்டு திரிகிறேன்.

சித்தப்பா ஒருவருக்குப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ அத்தனை உயிர்களைக் கொண்டுபோனபின், தமிழ்நாட்டுப் பக்கத்தில் நினைத்தபடி காட்டுக்குள் நுழைய முடியாது, அனுமதி வேண்டும். அது நியாயம்தான். தோட்டத்து ஜீப் பாதையில் ஓட யாரைக் கேட்க வேண்டும்? சித்தப்பாவைக் கேட்டால் போதும். அவரும் "ஓடு, ஓடு, உடம்புக்கு நல்லது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மெட்டுக்கு ஷூ தேர்ந்தெடுப்பது லேசான காரியம் இல்லை. போடி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர். மெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். நடுவே 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆனி, ஆடியில் கேரளச் சரிவு நாள் முழுக்க நனைந்து கிடக்கும். களிமண், அழுகிய சருகு, அட்டை. செக்போஸ்ட் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் மழை மறைவு. புழுதியும் சரளைக் கல்லும். ஒரே காலையில் இரண்டுக்கும் ஈடுகொடுக்கிற ஷூ வேண்டும். நானோ மதுரையில் ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்கள் போட்டிருந்ததைப் பார்த்து, மெத்து மெத்தென்ற தடித்த அடிப்பாகம் உள்ள தார்ச்சாலை ஷூவை வாங்கினேன். அதன் அடி கிட்டத்தட்ட மொழுமொழு. ஏலச்செடிகளுக்கு நடுவே முதல் இறக்கத்திலேயே உட்கார்ந்தேன். உட்கார வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை.

விழுந்தபின் படித்தேன். மலைப் பாதை ஷூவுக்கு அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் ரப்பர் பற்கள் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் களிமண் அடைத்துக்கொள்ளும், இடைவெளி விட்டிருந்தால் அடுத்த எட்டில் உதிர்ந்துவிடும். பல் வைத்த ரப்பர் அடியை 1937இல் கொண்டுவந்தவர் விட்டாலே பிரமானி என்ற இத்தாலிக்காரர். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆல்ப்ஸ் மலையில் கூட வந்தவர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தவர். 'விப்ரம்' என்று இன்றைக்கு ஷூக்களின் அடியில் இருப்பது அவர் பெயரின் சுருக்கம்தான்.

அடுத்து வாங்கியது தண்ணீர் புகாத ரகம். தண்ணீர் புகவில்லை, உண்மை. ஆனால் ஓடையில் முழங்கால் வரை இறங்கியபோது மேல்வாய் வழியாக வந்த தண்ணீர் வெளியேயும் போகவில்லை. வலைத்துணி ஷூ என்றால் கொஞ்ச தூரம் ஓடினால் பிழிந்து தள்ளிவிடும். இது சாயங்காலம் வரை சளக் சளக்.

கால் நகம் விழுந்த விஷயத்தில் கடைக்காரரைக் குற்றம் சொல்லவே முடியாது. "சார், சாயங்காலம் வாங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்பப் பார்த்து எடுத்தாத்தான் சரியா இருக்கும்" என்றார். எனக்கு என் சைஸ் தெரியாதா? கல்யாணத்துக்கு எடுத்த லெதர் ஷூ சைஸையே சொன்னேன். டைல்ஸ் தரையில் நாலு எட்டு நடந்து, கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்து, திருப்திப்பட்டேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் ஒவ்வொரு எட்டுக்கும் கால் முன்னால் சறுக்கிக் கட்டைவிரல் போய் இடித்தது. விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக இருக்கிற அந்தக் கடைசி ஓட்டையில் லேஸைக் கோத்துக் குதிகாலை இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த ஓட்டையை நான் தயாரிப்புக் கோளாறு என்று நினைத்திருந்தேன். இரண்டு நகமும் கறுத்து, விழுந்து, முளைக்க மாதங்கள் ஆயின.

பிறகு ஏழாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று. பற்கள், அகலமான முன்பக்கம், எல்லாம் சரி. விலையைப் பார்த்து அதைச் சேற்றில் இறக்க மனசு வரவில்லை. டப்பாவோடு பரணில் வைத்துவிட்டேன். பாலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானாகப் பொடிந்துபோகும், போடாமல் வைத்தாலும் போகும் என்று யாருக்குத் தெரியும்? சில வருடங்கள் கழித்துப் புத்தம் புதிதாக எடுத்துப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்தேன். ஒரு சரிவில் வலது அடி முதலை வாயாகத் திறந்தது. அடியும் மேல்பாகமும் தனித்தனி. நடுவே மஞ்சள் துகள்.

காயெடுத்து முடித்து, போடிக்குத் திரும்பும் ஜீப்புக்காக நின்றிருந்த பெண்களிடம் மாட்டிக்கொண்டேன். சேலைக்கு மேல் முழுக்கை ஆண்சட்டை போட்டிருந்த ஒரு அக்கா கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, வாயப் பொளந்துருச்சு. எம்புட்டு குடுத்தீங்க?"

ஏழாயிரம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆயிரத்தைந்நூறுக்கா" என்றேன்.

"ஆயிரத்தைந்நூறா! நல்லா ஏமாத்திப்புட்டாய்ங்க தம்பி உங்கள."

ஏலத்தட்டை கட்டுகிற பிளாஸ்டிக் கயிற்றில் ஒரு துண்டு கிழித்து, ஷூவைச் சுற்றி இரண்டு கட்டுப் போட்டார். அவர் காலில் முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்பு ஷூ. தையல் இல்லை, பசை இல்லை, பிரிய ஒன்றுமே இல்லை. உள்ளே பழைய சாக்ஸ். அட்டைக்கு இடுப்பில் உப்பு முடிச்சு. மலேசியாவில் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் போடுவதும் இதே ஜாதிதான். அடிடாஸ் கம்பெனிக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமலே அதற்கு 'கம்போங் அடிடாஸ்' என்று பட்டப்பெயர். காட்டு ஓட்டப் பந்தயங்களுக்கே அதை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே உண்டு.

நானும் போடி சந்தையில் அந்த ரப்பர் ஷூவை வாங்கிப் பார்த்தேன். நடக்க அருமை. வழுக்கவே இல்லை. ஓடியபோது குதிகால் இரண்டும் உரிந்துவிட்டது. அந்த அக்கா ஓடுவதில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது இருப்பது அரை சைஸ் பெரியது, சாயங்காலம் போய் எடுத்தது, ஈரம் பிழிகிற வலைத்துணி, பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி. கடைசி ஓட்டையிலும் லேஸ் போகிறது. போன வாரம் மெட்டில் டீ குடித்துவிட்டு முந்தலை நோக்கி ஓட்டமாக இறங்கினேன். விரல் இடிக்கவில்லை, குதிகால் உரசவில்லை, சரளையில் பிடி விடவில்லை. ஷூவில் ஒரு குறையும் சொல்ல முடியாத நிலையில், பாதி வளைவுகூடத் தாண்டாமல் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன. மூணாறிலிருந்து வந்த பஸ் பக்கத்தில் மெதுவானது. "ஏறுறீங்களா சார்?" என்றார் கண்டக்டர். போடிக்கு ஒரு டிக்கெட் வாங்கினேன்.