சிரஸ்தாரும் ஆதித்யாவும்

பழிவாங்கும் கதையொன்றைத் தொலைக்காட்சியில் இரவு பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் அதைப் பற்றி நாலு பேரிடம் அபிப்பிராயம் சொன்னாலொழியக் காபி உள்ளே இறங்காதவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒருவராவது உண்டு. அந்த ஒருவர் சிவில் கோர்ட்டில் சிரஸ்தாராக உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவராகவும் வாய்த்துவிட்டால், அந்தத் தெருவாசிகளுக்குத் தனியாகத் தொலைக்காட்சிப் பெட்டியே தேவையில்லை. கும்பகோணத்தில் எங்கள் தெரு அந்தப் பாக்கியம் செய்திருந்தது.

சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ 2003-ஆம் வருஷம் நவம்பரில் ஆரம்பித்து, வீடுதோறும் இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியமைத்த காலம் அது. ஒரே தகப்பனாருக்கு வெவ்வேறு தாய்மாரிடம் பிறந்த அபிக்கும் ஆதித்யாவுக்கும் மூண்ட பகையை ஊரார் கண்ணீரும் பெருமூச்சுமாகப் பார்த்துக்கொண்டிருக்க, நம் சிரஸ்தார் மட்டும் அதை ஒரு கேஸ் கட்டாகவே பாவித்தார். வில்லன் ஒரு தடவை முறைத்தால் அந்த முறைப்பை மூன்று திசைகளிலிருந்து மும்முறை காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடிமுழக்கம் சேர்ப்பது தொடர்களின் சம்பிரதாயமல்லவா? மூன்றாவது இடி ஓய்வதற்குள் சிரஸ்தார், “மிரட்டல், 506, கூட்டுச்சதி, 120-பி, ஆளை ஏவி லாரியை மோதவிட்டானானால் 307” என்று குற்றப்பத்திரிகையைச் சித்தம் செய்துவிடுவார். அபியாக நடித்த தேவயானி அழுவதில் அவருக்கு ஆட்சேபமில்லை. அழுதுவிட்டு வக்கீலிடம் போகவில்லையே என்பதுதான் அவருடைய நிரந்தர மனத்தாங்கல்.

“1989-லேயே நம்ம ராஜ்யத்தில் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் சமபங்கு வந்தாச்சு. ஒரு பாகப்பிரிவினை தாவா போட்டு, கையோடு தடையுத்தரவும் வாங்கியிருந்தால் அந்தப் பயல் இவள் வாசற்படி மிதிப்பானா?” என்று ஒருநாள் அவர் முளைக்கீரைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, விலையை மறந்து வாதிக்க, கூடையை இறக்கி வைத்திருந்த கீரைக்காரம்மாள், “தடையுத்தரவு வாங்கிப்புட்டா அப்புறம் ராவைக்கு எதைப் பாக்குறது ஐயா? நீங்க கீரையை எடுங்க” என்று ஒரே வாக்கியத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

உள்ளபடியே சிரஸ்தாரின் அந்தரங்க அபிப்பிராயமும் அதுவேதான். அந்த வாரத்தில் ஆதித்யா அகப்பட்டுக்கொள்வான் என்று யாராவது பிரஸ்தாபித்தால் அவர் முகம் சுருங்கிப் போகும். குற்றவாளி தண்டனை பெற்றேயாக வேண்டும், ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பதே அவருடைய நீதி. ஆயுள் முழுதும் வாய்தாக்களைக் குறித்துக் கொடுத்துப் பழகிய மனிதருக்கு, துப்பாக்கி நீண்டு நிற்கும் தருணத்தில் திரையில் விழும் ‘தொடரும்’ என்ற எழுத்துகள் மற்றுமொரு வாய்தாவாகத் தோன்றியதில் வியப்பென்ன இருக்கிறது?

அவருடைய சொந்தப் பகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பூர்விக வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவே எழுப்பிய சுவர் யார் பாகத்து மண்ணில் நிற்கிறது என்ற விவகாரத்தில், அடுத்த பாதியில் குடியிருந்த தம்பியோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. தம்பியோ ஆதித்யா கட்சி. “அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், அண்ணன்காரனுக்கு அது புரியாது” என்று, தமையன் காதில் விழும்படியாகத் திண்ணையில் உட்கார்ந்து யாரிடமாவது சொல்லுவார். ஆதித்யா திரையில் தோன்றினால் அந்தப் பக்கத்துப் பெட்டி அலறும். அபி பேசத் தொடங்கினால் இந்தப் பக்கத்துப் பெட்டி அலறும். இருவரும் ஒரே காட்சியில் சந்தித்துவிட்டாலோ, தெருவில் நாய்கூடப் படுக்காது.

2008-இல் மின்வெட்டு தலைவிரித்தாடியபோது சிரஸ்தாருக்குச் சோதனை வந்தது. தம்பி வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அவர் வீட்டில் இல்லை. அங்கே போய்ப் பார்த்துவந்த எதிர்வீட்டு அம்மாள் மறுநாள் கதையைச் சொல்ல முற்பட்டால், “கேள்விச் சாட்சியம் செல்லாதம்மா” என்று முதலில் ஆட்சேபித்துவிட்டு, பின்பு குறுக்கு விசாரணை செய்து முழுக்கதையையும் வாங்கிக்கொள்வார். ஆயினும், வசனம் வசனமாக அவர் திருத்தம் சொல்வதைக் கேட்டு அந்த அம்மாளுக்கே சந்தேகம் தட்டியது. ஒரு நாள் இரவு மெழுகுவத்தி கேட்டு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, வழக்கிலிருந்த அந்தச் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டு, வலது காதைச் சுவரில் பதித்து, கண்களை மூடிக்கொண்டு சிரஸ்தார் வீற்றிருந்தாராம்.

“என்ன தாத்தா இது?” என்று கேட்டதற்கு, “ஸ்தல பரிசோதனை” என்றாராம்.

2009 டிசம்பரில், 1500-க்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் பிறகு, ‘கோலங்கள்’ ஒருவழியாக முடிவுற்றது. சுவர்த் தாவா அப்போது மேல்முறையீட்டில் இருந்தது. அடுத்த வாய்தா பொங்கலுக்குப் பிறகு.