வயலெலியும் வெள்ளைக்காரரும் ஒரு சாணைக்கல்லும்

திமிரிக்கு வரலாற்றுப் புத்தகங்களில் கிடைத்த இடம், பழைய படத்தில் துணைநடிகருக்குக் கிடைத்த இடம் மாதிரி. ஒரே காட்சி. அதிலும் கதாநாயகன் முகம் தெரிவதற்காக இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கதாநாயகன் ராபர்ட் கிளைவ். வருஷம் 1751. ஆற்காட்டுக் கோட்டையை அவர் "பிடித்தார்" என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம். பிடிப்பதற்கு உள்ளே ஆளே இல்லை என்பதை வாத்தியார் சொல்லவில்லை. கொட்டும் மழையில், இடி மின்னலில், ஒரு படை நிற்காமல் நடந்து வருகிறதென்று ஒற்றர்கள் சொன்னதும், காவல்காரர்கள் மூட்டையைக் கட்டிவிட்டார்கள்.

கட்டிய மூட்டையோடு அவர்கள் வந்து இறங்கியது திமிரிப் பக்கம். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் பத்துக் கிலோமீட்டர். கிளைவும் பின்னாலேயே வந்தார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் பதுங்கிக்கொண்டு இவர்கள் சுட்டார்கள், அவர் விரட்டினார். பிறகு திமிரிக் கோட்டை வாசலில் போய் நின்று கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள். சுவரை இடிக்கிற பெரிய பீரங்கி ஒன்றுகூட இல்லை. அப்புறம் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை எங்கள் வட்டார பாஷையில் நானே ஊகித்துக்கொள்கிறேன்: "இன்னா துரை, வெறுங்கையோட வந்துகீற? போய் பீரங்கிய எட்த்துகினு வா, பேசிக்கலாம்."

துரை திரும்பிப் போனார். ஐம்பது நாள் ஆற்காட்டு முற்றுகையில் உலகப் புகழ் சம்பாதித்துக்கொண்டு நவம்பரில் மறுபடி வந்தார். இந்தத் தடவை திமிரி மறுபேச்சில்லாமல் கதவைத் திறந்தது. புகழும் ஒருவகைப் பீரங்கிதான்.

இவ்வளவு அலைந்த மனிதர், இந்தக் கர்நாடகச் சீமையின் மண்ணில் கிடந்த கல்லைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பணம் வேறு இடத்தில் இருந்தது. கல்லைப் பொறுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு வைத்தியர், ஒரு பூச்சிப் பைத்தியம், காதலியைத் தானம் செய்த ஒரு பிரபு, கடைசியாகக் கிளைவ் வீட்டு மருமகளே ஒருவர். கனிமம் சேகரிக்கிறவர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: சீட்டு இல்லாத கல் வெறுங்கல். என்ன கல், எந்த ஊர், யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று கூடவே ஒரு துண்டுச் சீட்டு இருக்க வேண்டும். அழகு அப்புறம்தான். இந்தக் கதையும் ஒரு கல்லின் கதையைவிட ஒரு சீட்டின் கதை.

கல்லை முதலில் கண்டெடுத்தது எலி. கிண்டல் இல்லை. சென்னைக் கோட்டையில் எட்வர்ட் பல்க்லி என்று ஒரு கம்பெனி வைத்தியர் இருந்தார். இந்தியாவிலேயே முதல் பிரேதப் பரிசோதனை செய்தவர் என்று பெயர் பெற்றவர். பிணம் கிடைக்காத நாட்களில் செடி, கொடி, கல் எல்லாம் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்புவார். லண்டனில் ஜான் உட்வர்ட் என்ற வைத்தியர் அவற்றை வாங்கிப் பெட்டியில் அடுக்குவார். 1720களில் அச்சான உட்வர்டின் பட்டியலில் நம்மூர்க் கல் இரண்டு பெயரில் இருக்கிறது: நெல்லா கொரிவிண்டம், தெல்லா கொரிவிண்டம். முதல் கல், நெல் விளைகிற வயலில் கிடைக்குமாம். வயலெலி வளை தோண்டும்போது வெளியே தள்ளுமாம். இரும்பைத் தீட்ட உதவுமாம்.

தெல்லா என்றால் தெலுங்கில் வெள்ளை. அந்தக் கணக்கில் நெல்லா என்பது தெலுங்கு நல்ல, அதாவது கறுப்பு. ஆனால் பக்கத்திலேயே நெல்வயல் என்று எழுதியிருக்கும்போது தமிழன் எப்படி விட்டுக்கொடுப்பது? வழக்கு நிலுவையில் இருக்கட்டும். கொரிவிண்டம் என்பதில் மட்டும் வழக்கே இல்லை. அது நம் குருவிந்தம். பேச்சில் குருந்தம், குருந்தக்கல். அதைப் பொடித்து அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் சாணை. தோல் ஷாப்பில் சதை எடுக்கிற கத்தியிலிருந்து வீட்டு அரிவாள்மனை வரை கூர் போடுகிற ஆளுக்கு அதுதான் சோறு. அவருக்கு இந்தக் கல் இரும்பைத் தின்னும் என்று தெரியும். எத்தனை தின்னும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். சீட்டு எழுதத்தான் தெரியாது.

அடுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சென்னைக் கம்பெனியின் பெரிய டாக்டர். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டவர். அதற்கு முன்பு 1786-இல் சென்னைப் புல்லில் ஏதோ பூச்சியைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று லண்டனுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். அது வேறு பூச்சி. சாயம் வரவில்லை. அந்த மனிதர்தான் அதற்கும் இருபது வருஷம் முன்னால், 1767 வாக்கில், எடின்பரோவில் முத்திரை செதுக்கும் வில்லியம் பெர்ரிக்கு ஒரு பெட்டி நிறையப் படிகக் கல் அனுப்பிவைத்தார். வைரம் தவிர எல்லா ரத்தினத்தையும் இந்த ஊர்க்காரர்கள் இதை வைத்துத்தான் தீட்டுகிறார்கள் என்று கூடவே தகவல்.

பெர்ரி தேய்த்துப் பார்த்தார். தேய்ந்தது. ஆனால் நுணுக்க வேலைக்கு வைரப்பொடியே மேல் என்று பெட்டியை மூடி மூலையில் வைத்துவிட்டார். அதை மற்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் கிளறி, வைரம்போல் கெட்டியாக இருக்கிறதே என்று அடமன்டைன் ஸ்பார் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். பிள்ளைக்கு வீட்டில் ஏற்கெனவே பெயர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் சார்லஸ் கிரெவில். அதற்காக அவருக்கு நாம் கும்பிடு போட வேண்டும். மற்றதற்கெல்லாம் போட வேண்டியதில்லை. 1749-இல் பிறந்த பிரபு வீட்டு இளைய பிள்ளை. கையில் காசு குறைவு, கல்மேல் ஆசை அதிகம். வீட்டில் எம்மா என்ற பேரழகி இருந்தாள். கடன் கழுத்தை நெரித்தது. பணக்காரப் பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்தால் தீரும். எம்மா இருந்தால் எவன் பெண் கொடுப்பான்? நேப்பிள்ஸில் தூதராக இருந்தார் அவருடைய தாய்மாமன் சர் வில்லியம் ஹாமில்டன். மனைவியை இழந்தவர், பழைய ஜாடியும் எரிமலைக் கல்லும் சேர்ப்பவர். 1786-இல் எம்மாவை, ஊர் சுற்றிவிட்டு வா, நான் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லி அங்கே அனுப்பினார் கிரெவில். வரவேயில்லை. நம்மூரில் தாய்மாமன்தான் சீர் கொண்டு வருவார். இங்கே மருமகன் மாமனுக்குச் சீர் அனுப்பினான், அதுவும் உயிரோடு. எம்மா 1791-இல் மாமனையே மணந்து லேடி ஹாமில்டன் ஆனாள். பிறகு கடற்படைத் தளபதி நெல்சனின் காதலி என்று ஊரே பேசியது வேறு கதை.

கவனிக்க வேண்டியது, கடன் நெருக்கிய அந்த நாளிலும் கிரெவில் கல்லை விற்கவில்லை. எம்மாவைத்தான் அனுப்பினார். கல் சேகரிப்பவர்களைக் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

1798-இல் அவர் ராயல் சொசைட்டியில் ஆசியக் குருந்தக்கல்லைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். உட்வர்டின் பழைய பட்டியலைத் தேடி எடுத்தார். இந்தியாவிலிருந்து கல் வரவழைத்தார். அங்கே அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டார். அடமன்டைன் என்ற பட்டத்தை இறக்கிவிட்டு, ஊர்ப்பெயரையே சீட்டில் எழுதினார்: கொரண்டம். இன்றைக்கும் உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பெயர்தான். சாணைக்காரர் வாயில் இருந்த வார்த்தை லண்டனில் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டது.

கிரெவிலின் கற்களை ஒழுங்கு செய்தவர் கோமகன் பூர்னோன். கிளைவ் திமிரி வாசலில் நின்ற அதே 1751-இல் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சியில் தலை தப்பி, லண்டனில் கல் அடுக்கிப் பிழைத்தவர். மாணிக்கம், நீலம், நம் முரட்டுக் குருந்தம் மூன்றும் ஒரே கனிமம்தான் என்று 1802-இல் அவர் நிறுவினார். லண்டன் வாய் பிளந்தது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் கடைத்தெருவில் மாணிக்கம் நான்கு சாதியாக விற்கிறது. அதில் ஒன்று விந்தம், அதைக் குருவிந்தம் என்பார்கள் உரைகாரர்கள். மதுரை ரத்தின வியாபாரிக்குக் கோமகனின் செய்தி கிடைத்திருந்தால், "அப்படியா, சரி, வேறென்ன வேணும் சாமி?" என்று கேட்டுவிட்டு அடுத்த கிராக்கியைக் கவனித்திருப்பார்.

இதற்கிடையில் கிளைவின் மகன் எட்வர்ட் சென்னைக்குக் கவர்னராக வந்தார். கூட மனைவி ஹென்றியட்டா. 1800-இல் கணவரைக் கோப்போடு விட்டுவிட்டு, இரண்டு மகள்கள், ஓர் இத்தாலிய ஓவியப் பெண்மணி, யானைகள், மாட்டு வண்டிகள், ஒரு பியானோ சகிதம் கிளம்பி, இந்த வட்டாரத்து வழியாக மைசூர்ச் சீமைக்கும் அங்கிருந்து தஞ்சாவூருக்கும் ஏழு மாதம் சுற்றினார். மாமனார் மழையில் ஓடிய ஊர்ப்பக்கம் மருமகள் பியானோவோடு போனார். ஒரே தலைமுறையில் குடும்பம் அவ்வளவு முன்னேறியிருந்தது. மாமனார் நாட்டைச் சேர்த்தார். மருமகள் செடியும் கல்லும் சேர்த்தார். அம்மா சேர்த்த கனிமங்களில் சுமார் 1000 மாதிரிகள் இன்றும் கார்டிஃப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1929-இல் அவர் வம்சத்தார் கொடுத்தது. எண் போட்டு, அட்டவணை எழுதி, சீட்டு மாறாமல் வைத்திருந்தார். குடும்பத்திலேயே எது எங்கிருந்து எடுத்தது என்று கணக்கு வைத்த ஆள் அவர் ஒருவர்தான்.

கிரெவில் 1809-இல் கல்யாணம் ஆகாமலே செத்தார். மறு வருஷம் பாராளுமன்றம் 13,727 பவுண்டு கொடுத்து அவர் கற்களைப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வாங்கியது. அதில் நம் கல்லின் சீட்டில் ஊர் என்ற இடத்தில் கர்நாடகம் என்று இருக்கும். இது பெங்களூர்க் கர்நாடகம் அல்ல, ஆற்காட்டு நவாபின் கர்நாடகம். நெல்லூர் முதல் திருச்சி வரை. தபால்காரரிடம் விலாசம் "தமிழ்நாடு" என்று கொடுத்த மாதிரி. பின்னாளில் புவியியலாளர்கள், நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் அதே மாதிரிக் குருந்தம் பதிந்த வெள்ளைப் பாறையைக் காட்டினார்கள். அந்தப் பாறை நிலாவின் பாறையைப் போன்றது என்பதால், சந்திரயான்-2 இறங்குகலத்தைச் சோதிக்க இஸ்ரோ அங்கிருந்துதான் கல் எடுத்துப் பொடித்து நிலாமண் செய்தது. நிலாவுக்கு மண் சப்ளை செய்த ஊருக்குச் சீட்டில் இடமில்லை.

இப்போது கதையின் இன்னொரு கல். ரஷ்யாவில், யூரல் மலையின் பெரியோசோவ்ஸ்க் தங்கச் சுரங்கத்தில் ஒரு செந்நிறப் படிகம் கிடைத்தது. குங்குமப்பூ நிறம் என்பதால் பிற்காலத்தில் குரோக்கோயிட் என்று பெயர். இன்று டாஸ்மேனியாவின் டன்டாஸ் சுரங்கத்துக் குரோக்கோயிட் என்றால் சேகரிப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள், தும்மினால் உடையும். 1797-இல் பாரிசில் வாக்லன் என்ற வேதியியலாளர் ரஷ்யக் கல்லைக் காய்ச்சி வடித்து ஒரு புது உலோகத்தைக் கண்டார். விதவிதமாக நிறம் காட்டியதால் கிரேக்கத்தில் நிறம் என்றே பெயர்: குரோமியம்.

அந்தக் குரோமியம் ஒரு நூற்றாண்டு கழித்து நம் வீட்டு வாசலுக்கு வந்தது. அதுவரை இங்கே ஆவாரம்பட்டையில் ஊறிய தோல்தான். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் பதனிடலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைச் சோதித்தார். எதற்கு? கவலை இறைக்கிற தோல்சாலுக்கு. தண்ணீரில் கிடந்தாலும் அழுகாத தோல்! தண்ணீர் இறைக்க உதவிய அந்தச் சரக்கு, பிறகு தண்ணீரையே என்ன செய்தது என்பதைப் பாலாற்றங்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோலில் நிற்கிற குரோமியம் சாது. அதன் உப்பைத் தயாரிக்கும்போது வருகிற ஆறு இணைதிறன் உள்ள மஞ்சள் குரோமியம் சண்டியர். ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1970களின் நடுவிலிருந்து இருபது வருஷம் ஓடி, மூடிக்கொண்டு போனபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை அப்படியே விட்டுச் சென்றது. 2006-இல் உலகின் பத்து மோசமான மாசுபட்ட இடங்களில் ராணிப்பேட்டையும் ஒன்று என்று பிளாக்ஸ்மித் நிறுவனம் பட்டியல் போட்டது. ஆற்காட்டுக்கு அப்புறம் எங்களுக்குக் கிடைத்த அடுத்த உலகப் புகழ்.

வாக்லன் இன்னொன்றும் சொன்னார்: மரகதத்தின் பச்சைக்குக் காரணம் இந்தக் குரோமியம்தான். மாணிக்கத்தின் சிவப்பும் அதுவே. சமையல் குறிப்பு சுலபம். சுத்தமான குருந்தம் ஒரு பங்கு. அதில் நூற்றில் ஒன்று என்ற கணக்கில் குரோமியம். பூமிக்கடியில் வேக வைத்தால் மாணிக்கம். குருந்தம் எங்கள் வார்த்தை. குரோமியம் எங்கள் கிணற்றில். சேர்மானம் இரண்டும் வீட்டிலேயே இருக்க, பதம்தான் தவறிப்போனது. குரோமியம் சிட்டிகைச் சரக்கு. நாங்கள் லாரியில் கொட்டினோம்.

ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழிந்தும் குவியல் அங்கேயே கிடந்தது. கல் சேகரிப்பவர்களின் முறைப்படி அதற்கும் ஒரு சீட்டு எழுதியிருக்க வேண்டும். யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

பொருள்: குரோமியம், மஞ்சள். இடம்: ராணிப்பேட்டை, கர்நாடகம் என்று மழுப்பக் கூடாது. எடை: மேலே சொன்னபடி. பெட்டி: இல்லை, மழை நேராக விழும். முந்தைய உரிமையாளர்: கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார், ஆற்காட்டு வழக்கப்படி. தோண்டி வெளியே போட்டது: வயலெலி அல்ல. எலி எடுத்துப் போட்ட கல்லில் கத்தியாவது தீட்ட முடிந்தது.