பெட்ஸ் என்னும் பன்றியின் ஸ்தானம்

கலையை முறையாகப் பயின்றவர்களிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும், எவற்றையெல்லாம் சித்திரத்தில் சேர்க்கக்கூடாது என்பதையே அவர்கள் வருஷக்கணக்கில் பயின்றுவிட்டு வருகிறார்களோ என்ற சந்தேகமும் நெடுநாளாக உண்டு. அதை ஊர்ஜிதம் செய்தவர், அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் 1837-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்து, உள்நாட்டு யுத்தத்தின் பின் விடுதலை பெற்று, ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகே பயிர்செய்து ஜீவனம் நடத்திய ஹாரியட் பவர்ஸ் அம்மையார்.

அவர் தைத்தது ஒட்டுத்துணிப் போர்வை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு, மூன்றையும் பிணைத்து ஓடும் தையல். குளிர் தேசத்தில் வீட்டுக்கு வீடு உள்ள பண்டம்தான். ஆனால் மற்ற மாதர் சதுரமும் முக்கோணமும் வெட்டி க்ஷேத்திர கணிதத்தைப் போர்த்திக்கொண்டு உறங்கிய காலத்தில், இந்த அம்மையார் மனிதரையும் மிருகங்களையும் நட்சத்திரங்களையும் துணியில் கத்தரித்து, கையாலும் மிஷினாலும் ஒட்டித் தைத்து, கட்டம் கட்டமாக வேதாகமக் கதை சொன்னார். ஆப்பிரிக்காவின் டஹோமி நாட்டுத் துணிச் சித்திரங்களோடு இவற்றுக்கு உறவு உண்டென்று பண்டிதர்கள் கருதுகிறார்கள். ஓவியக் கலாசாலை எதனோடும் உறவு கிடையாது.

முதற் போர்வையில் பதினொரு கட்டங்கள். சாத்தானைச் சுற்றி ஏழு நட்சத்திரங்கள் உண்டு. கடைசி இராப்போஜனத்திலோ, சீடர்கள் அத்தனை பேருக்கும் இடம் போதாமையால் சிலரை அம்மையார் அழைக்காமலே விட்டுவிட்டார். ஆனால் யூதாஸை மறவாமல் அழைத்து, மற்றவர்களின் வெள்ளாடைக்கு மாறாக மங்கல் நிறத் துணியை உடுத்தி உட்கார்த்திவைத்தார். குணத்தைச் சாயத்தால் காட்டும் இந்த வித்தைக்குப் பத்திரிகை விமரிசகன் இரண்டு பக்கம் எழுதுவான்; அவருக்கு ஒரு துண்டுத் துணி போதுமாயிருந்தது.

1886-இல் அந்த ஊர்ப் பருத்திக் கண்காட்சியில் இதைக் கண்டு பிரமித்த ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை, விலைக்குக் கேட்டபோது அம்மையார் எந்த விலைக்கும் இசையவில்லை. நாலைந்து வருஷங்களில் கஷ்ட காலம் வந்தது. மாட்டு வண்டியில், போர்வையைச் சாக்குக்குள் பொதிந்து மடியிலே வைத்துக்கொண்டு அவரே வந்தார். 10 டாலர் கேட்டார். ஆசிரியை 5 டாலர்தான் முடியும் என்றாள். கணவருடன் கலந்து ஆலோசித்துக் கொடுத்துவிட்டார். கற்பித்தவர் பாதி விலை பேசினார், கற்காதவர் பெற்றுக்கொண்டார் என்பதால் பேரம் பேசக் கலாசாலைப் படிப்பு உதவும் என்று எண்ணிவிட வேண்டாம். பத்திரிகைச் சன்மானத்தை எதிர்பார்த்து வாழும் பட்டதாரி நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. ஆனால் விற்ற பின்னும் அம்மையார் தம் போர்வையைப் பார்த்துப் போகப் பலமுறை வந்தார். ஆசிரியைக்கும் நியாயம் செய்ய வேண்டும்: ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை எழுதி வைத்தவள் அவளே.

1895-க்கும் 1898-க்கும் இடையில் தைத்த இரண்டாம் போர்வைதான் என் கட்சிக்குப் பிரதான சாட்சி. பதினைந்து கட்டங்கள். யோபு, யோனா, மோசே எல்லோரும் உரிய மரியாதையுடன் எழுந்தருளியிருக்க, தாம் பிறப்பதற்கு முன்னமே 1833-இல் வானம் சொரிந்த நட்சத்திர மழையும், 1895-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பிரார்த்தனை செய்தபடி உறைந்துபோன ஸ்திரீயும், மதுஜாடியருகே உறைந்துபோன புருஷனும் சரிசமமாக இடம்பெற்றிருக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, தெய்வத்தை அறியாது நித்திய தண்டனைக்கு ஆளான செல்வர்களின் கட்டத்தில், ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய சுதந்திரப் பன்றி ஒன்றும் நிற்கிறது. பெயர் பெட்ஸ்.

கலாசாலையில் பயின்ற எந்த ஓவியனாவது மோசேயிருக்கும் போர்வையில் இந்தப் பன்றிக்கு ஸ்தானம் கொடுத்திருப்பானா? ஆசிரியர் முதல் நாளே அதை விரட்டியிருப்பார். அடிமையாய்ப் பிறந்த ஒருவருக்கோ, எஜமானைக் கேளாமல் 500 மைல் ஓடிய பிராணி சாமானியமாகத் தோன்றியிராது.

இந்தப் போர்வையின் படத்தை என் மனைவிக்குக் காட்டி, பாவிகளின் கதையையும் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர்களைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "ஐந்நூறு மைல் என்று யார் அளந்தார்களாம்?" என்றாள். பிறகு சற்றே யோசித்து, "வர்ஜீனியாவில் அதற்குப் பிறந்தகம் இருந்திருக்கும்" என்று தீர்மானமும் செய்துவிட்டாள். போர்வை இப்போது பாஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிசாலையில் இருக்கிறது. இந்த வியாக்கியானம் அங்கே எட்டியிருப்பதாகத் தெரியவில்லை.