ஐபி முகவரி கோரும் மனு

பெறுநர்: இணையப் பொறியியல் பணிக்குழு (ஐஇடிஎஃப்)

பொருள்: நான்காம் பதிப்பு ஐபி முகவரி ஒன்று ஒதுக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நான்காம் பதிப்பின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 791, செப்டம்பர் 1981. (தங்கள் குழு பிறக்கும் முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் முன்னோர் கடன் வாரிசுகளையே சேரும்.)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

மனுதாரர் வாடகை சர்வர் ஒன்றை வைத்துச் சில கடைகளின் தளங்களை நடத்திப் பிழைப்பவன். முகவரி வழங்குவது ஐயானா, எங்கள் வட்டாரத்துக்கு பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் என்பது தெரியும். "இது எங்கள் பிரிவு அல்ல" என்று கோப்பைத் திருப்பிவிட வேண்டாம். விதியை இப்போது கட்டிக்காப்பவர்கள் தாங்கள்தானே.

நான்காம் பதிப்பின் 32 பிட்டுக்கு ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். ஒரு சோதனைக்கு அது போதும் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். சோதனை இன்னும் முடியவில்லை, முகவரிகள் முடிந்துவிட்டன. 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா கடைசித் தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது.

முந்தி வந்தவர்களுக்குப் பட்டா தாராளமாகவே கிடைத்தது. ஃபோர்டு கார் கம்பெனிக்கு 1.68 கோடி, அமெரிக்காவின் எம்ஐடி கல்லூரிக்கு இன்னொரு 1.68 கோடி. எம்ஐடி பெரும்பகுதியைத் தரிசாகவே போட்டு வைத்திருந்தது. 2017இல் ஒரு பங்கை அமேசானுக்கு விற்றது. அந்த அமேசான் 2024 பிப்ரவரி முதல் பொது முகவரி ஒன்றுக்கு மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. இலவசமாகப் போன நிலம், குத்தகைக்குத் திரும்பி வருகிறது.

புறம்போக்கே இல்லையா என்றால், இருக்கிறது. 240 முதல் 255 வரையிலான எண்களில் தொடங்கும் சுமார் 26.8 கோடி முகவரிகள் "எதிர்காலப் பயன்பாட்டுக்கு" என்று கிடக்கின்றன. எதிர்காலம் எந்தத் தேதியில் தொடங்கும் என்பதைத் தெரிவிக்கவும். திறந்துவிட்டாலும் பழைய ரவுட்டர்கள் அந்தப் பாக்கெட்டுகளை வீசி எறியும் என்பீர்கள். நியாயம். ஆனால் 127இல் தொடங்கும் 1.68 கோடி? கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்காம்! அநேகமாக எல்லாக் கணினிகளும் 127.0.0.1 ஒன்றிலேயே அந்தப் பேச்சை முடித்துக்கொள்கின்றன.

தாங்கள் சும்மா இருக்கவில்லை. 1995 டிசம்பரிலேயே ஆறாம் பதிப்பை வெளியிட்டீர்கள்: 128 பிட், 39 இலக்க எண்ணிக்கையில் முகவரிகள். ஒரே குறை, நான்காம் பதிப்போடு அது நேராகப் பேசாது. இந்தியக் கைபேசிகள் பெருமளவு ஆறுக்கு வந்துவிட்டன. என் கடைக்காரர்களின் பிராட்பேண்டோ நான்கிலேயே நிற்கிறது. ஆக இரண்டையும் வைத்துக்கொண்டு, ஃபயர்வால் விதிகளையும் இரண்டு முறை எழுதுகிறேன். நடுவில் நாட் என்ற ஒட்டுவேலை வேறு. தெரு முழுவதையும் ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஸ்பாம் அனுப்பினார். எல்லோருக்கும் பொதுவான அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறியது. என் கடைக்காரர் ஒருவரின் மின்னஞ்சல் ரசீதுகள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு முகவரி கேட்டால் சர்வரை வாடகைக்கு விட்ட நிறுவனம் தனிக் கட்டணம் என்கிறது.

தங்கள் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது, இசைவுள்ளவர்கள் "ம்ம்ம்" என்று முனக வேண்டும், சத்தத்தை வைத்துத் தலைவர் முடிவெடுப்பார் என்று அறிகிறேன். எங்கள் ஊர் அலுவலகங்களிலும் மனு கொடுத்தால் இதே ஒலிதான் வரும். அங்கே அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது.

இன்னொரு விஷயம். புறாக் காலில் கட்டி பாக்கெட் அனுப்பும் முறை ஆர்எஃப்சி வரிசையிலேயே 1990 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தது. விளையாட்டுதான். ஆனால் 2001இல் நார்வேயின் பெர்கன் நகரில் உண்மையாகவே புறா பறக்கவிட்டுப் பார்த்தார்கள். சில பாக்கெட்டுகளுக்குப் பதிலும் வந்தது. 2011 ஏப்ரல் 1 அன்று அந்தப் புறாவையும் ஆறாம் பதிப்புக்கு மாற்றி ஆர்எஃப்சி 6214 வெளிவந்தது. அந்த வகையில் புறாக்கள் என் கடைக்காரர்களைவிட முன்னேறியவை.

ஆகவே, 127இல் உபரியாகக் கிடப்பதில் ஒன்றை மனுதாரர் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அது வெளியுலகத்துக்கு எட்டாதே என்று ஆட்சேபித்தால், பதிலுக்கு ஒரு புறா தந்தாலும் போதும். கூண்டுச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
மனுதாரர்