பேக்கிங் பண்டிதர்

பார்சல் ஆபீசில் தராசுக்குப் பக்கத்தில் வீற்றிருக்கும் அந்த மனிதரிடம் போய், அனுப்பிய சாமான் போய்ச் சேரவில்லை என்று முறையிட்டுப் பாருங்கள். எப்போது அனுப்பினீர்கள், எந்த ஊருக்கு அனுப்பினீர்கள் என்று சாதாரண மனிதர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் எதுவும் அவர் வாயிலிருந்து வராது, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, நம்மை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை அளந்து, சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிறவருக்குரிய தணிந்த குரலில், "பேக்கிங் எப்படிப் போட்டீக?" என்றுதான் கேட்பார். உலகத்துத் துன்பங்களுக்கெல்லாம் ஆசையே காரணம் என்று கபிலவஸ்துவில் வளர்ந்த ஒரு ராஜகுமாரர் அரச மரத்தடியில் உட்கார்ந்து கண்டறிந்தார். நம்முடைய பண்டிதரோ அத்தனை சிரமம் எடுத்துக்கொள்ளாமல், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே, சகல துன்பங்களுக்கும் பேக்கிங்தான் காரணம் என்று கண்டுகொண்டார்.

போடிமெட்டில் ஏலக்காயைச் சில்லறையாக விற்றுப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் இந்தச் சித்தாந்தத்துக்கு அடிமைப்பட்டுக் கிடப்பதைத் தவிர வேறு கதி இல்லை. ஸ்பைசஸ் போர்டின் மேற்பார்வையில் போடியிலும் புத்தடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் கணினித் திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தி, மூட்டை மூட்டையாக எடுத்து, டில்லிக்கும் கான்பூருக்கும் லாரியில் ஏற்றுகிற பெரிய வியாபாரிகளுக்கு இந்தப் பண்டிதரின் தயவு தேவையில்லை. கால் கிலோ, அரைக் கிலோ என்று திருச்சிக்கும் சேலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்புகிறவர்களாகிய நாங்கள்தான், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸோடு சேர்ந்து இடமும் வலமும் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, போடிக்கு வந்து அவருடைய சந்நிதியில் நிற்கவேண்டியிருக்கிறது.

பண்டிதரின் தர்க்கத்தில் உள்ள விசேஷம் என்னவென்றால், அதற்கு இரண்டு பக்கமும் கூர்மை உண்டு. ஐப்பசி மழையில் அட்டைப் பெட்டி நனைந்து, உள்ளே இருந்த காய் பச்சை போய் வெளுத்துவிட்டது என்று சொன்னால், "பாலிதீன் போடாம ஏலக்காயை அனுப்புவாகளாண்ணே?" என்பார். அடுத்த தடவை பாலிதீன் உறை போட்டு அனுப்பி, வெயிலில் எங்கேயோ கிடந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று போய் நின்றால், "பாலிதீன் போட்டா உள்ளே வேர்த்துப்போகும்னு தெரியாதா?" என்பார். மெல்லிய பெட்டி போட்டால் நசுங்கும். கனத்த பெட்டி போட்டால், உள்ளே ஏதோ விலை உயர்ந்த வஸ்து இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டதாகும். பெட்டியின்மேல் 'ஏலக்காய்' என்று எழுதினால், "இப்படி எழுதினா எவன்ணே விடுவான்?" எழுதாவிட்டால், "என்ன சாமான்னு தெரியாம பயலுக தூக்கி எறியத்தானே செய்வாங்க?" 'கவனமாகக் கையாளவும்' என்று சிவப்பு மையில் அச்சடித்த சீட்டு ஒன்றை ஒட்டிக்கொண்டு போனபோது, அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மூட்டை ஏற்றும் பையன்களுக்கு இதைப் படித்தால் ஆத்திரம் வரும் என்று அபிப்பிராயம் சொன்னார்.

நசுங்கியதும் நனைந்ததும் போகட்டும். பார்சலே அடியோடு காணாமல் போனால் அப்போது பேக்கிங் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன்.

"விலாசத்தை எங்கே ஒட்டுனீக?"

"மேலே."

"மேலே ஒட்டுனா, இன்னொரு பெட்டி அதும்மேல உரசி உரசிக் கிழிஞ்சிரும்ல?"

அதற்குப் பிறகு நான்கு பக்கமும் ஒட்டி அனுப்பினேன். அந்தப் பெட்டியும் கும்பகோணத்துக்குப் போகவேண்டியது கம்பத்தில் போய் இறங்கி, பல நாள் அங்கேயே வாசம் செய்தது. பண்டிதர் யோசிக்கவே இல்லை. "நாலு பக்கமும் விலாசம் இருந்தா எதுண்ணே மேல்பக்கம்? தலைகீழாப் பிடிச்சுப் படிச்சிருப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த ஒரு பெட்டியை அவர் பரிசோதனை செய்த விதத்தை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். நான் ஒட்டியிருந்தது கண்ணாடிபோல் தெரியும் டேப். அதன்மேல் குறுக்காக, வேறு யாரோ ஒருவர் அவசர அவசரமாகப் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஒரு மூலை உள்ளே அமுங்கி, அதைப் பெருவிரலால் வெளியே தள்ளி நேராக்கிய வடு அட்டையில் தெரிந்தது. உள்ளே இருந்த கால் கிலோப் பைகளில் ஒன்று வாய் கிழிந்து பாதியாகச் சுருங்கியிருந்தது. சிதறிய காய்கள் பிளந்து, கறுத்த அரிசி பெட்டியின் அடித்தட்டில் ஒட்டிக் கிடந்தது. பண்டிதர் அந்தப் பழுப்பு டேப்பை நகத்தால் சுரண்டினார், பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார், மோந்து பார்த்தார், பிறகு தராசில் வைத்து, ரசீதில் இருந்த எடைக்கும் முள் காட்டிய எடைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை என்னோடு சேர்ந்து அவரும் பார்த்தார். "ஏலக்காய் காஞ்சா எடை குறையும்ணே. காத்துப் போற மாதிரி பேக்கிங் போட்டிருக்கீக" என்றார். ஸ்டோரில் உலர்த்தி, ஈரம் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்குக்கு வந்தபிறகே ஏலக்காயைப் பையில் போடுகிறோம் என்பதும், மிச்சமிருக்கும் அத்தனை ஈரமும் ஆவியாகிப் போனாலும் அந்தப் பை பாதியாகாது என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. வாதம் முடிந்ததும் பக்கத்துக் கடையில் சொல்லி எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அன்றைய டீயில் ஏலக்காய் மணம் சற்றுத் தூக்கலாக இருந்தது. டீக்கடைக்காரர் தாராள மனசுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

பண்டிதருக்குச் சரித்திர ஞானமும் உண்டு. அதுவும் பேக்கிங் சம்பந்தப்பட்டதுதான். மூணாற்றுத் தேயிலையை வெள்ளைக்காரக் கம்பெனி டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பி வழியாகத் தொட்டிலில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கி, பிறகு தரை வழியே போடிக்குக் கொண்டுவந்த கதையை, நேரில் நின்று பார்த்தவர்போல் சொல்லுவார். "மலை உச்சியிலேருந்து கம்பியில வந்த பெட்டிண்ணே! ஒரு இலை சிந்துச்சா? மரப்பெட்டி, உள்ளே ஈயத்தகடு. அது பேக்கிங்!" சிந்திற்றா இல்லையா என்பது அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முந்திய விஷயம். தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தண்டவாளத்தோடு அழிந்து போயிற்று என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்த ரயிலின் பேக்கிங்கில் என்ன குறை இருந்தது என்று பண்டிதர் இன்னும் தெரிவிக்கவில்லை.

காதில் செருகிய பேனாவைத் தேடி மேஜை இழுப்பறைகளைக் குடைவது, மத்தியானம் இரண்டு மணிக்குமேல் 'சிஸ்டம் வேலை செய்யலை' என்று சொல்லுவது முதலிய சிறு குணங்களும் அவருக்கு உண்டு. அவை அந்த வர்க்கத்தார் அனைவருக்கும் பொதுவானவை.

ஒருநாள், எல்லா யுக்திகளும் தோற்று மனம் நொந்துபோய், பெட்டி, டேப், கத்தரி, கயிறு எல்லாவற்றையும் அவர் முன்னால் பரப்பி, "நீங்களே கட்டிக் குடுத்துருங்கண்ணே" என்று சரணாகதி அடைந்தேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மாறாக, அந்த முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு சந்தோஷம் பரவிற்று. சட்டைக் கையை மடித்துவிட்டார். பழைய தினசரித் தாளைக் கசக்கி மூலைகளுக்கு முட்டுக் கொடுத்தார். பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் மாற்றி மாற்றிச் செருகினார். பெட்டியைச் சாக்குத் துணியில் பொதிந்து, கோணூசியில் சணல் கோத்து, ஒரே அளவாகத் தையல் போட்டுக்கொண்டு போனார். சிறு வயதில் போடியில் ஏதோ ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை தைத்தாராம். ஒரு நாளைக்கு அவர் தைத்த மூட்டைகளை எண்ணி முடிக்க முதலாளிக்குப் பொழுது போதாதாம். அந்த விரல்கள் வேலை செய்த அழகைப் பார்த்தபோது, இத்தனை காலமும் என் பெட்டிகளை அவர் பழித்ததில் ஒரு கலைஞனுடைய நியாயமான வேதனையும் கலந்திருந்தது என்று எனக்குத் தோன்றியது. தைத்து முடித்த பெட்டியைக் கையால் தட்டி, "இது அமெரிக்காவுக்கே போகும்ணே" என்றார்.

அது சேலத்துக்குப் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது சாக்கு ஒரு பக்கம் பிரிந்து, பெட்டி தட்டையாகி, ஏலக்காயில் பாதி தூளாகியிருந்தது. வாடிக்கையாளர் எடுத்து அனுப்பிய படத்தைப் பண்டிதரிடம் காட்டினேன்.

"இதைக் கட்டுனது யாரு?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"நீங்கதாண்ணே."

அந்த ஆபீசில் நான் கண்ட மிக நீண்ட மௌனம் அது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பெட்டி யாருது?"

"என்னுது."

"அதான்" என்றார்.

இதுவரை சிரிப்பதற்காகச் சொன்னேன். இனிமேல் சொல்லப்போவதில் சிரிக்க எனக்கு மனமில்லை. கூலி வாங்கிக்கொண்டு ஊரார் சாமானைச் சுமக்கிறவனிடம் சாமான் கெட்டுப்போனால், அவனுடைய கவனக்குறைவால்தான் கெட்டது என்று அனுப்பியவன் நிரூபிக்கத் தேவையில்லை என்று, இந்த நாட்டில் 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2007-ஆம் ஆண்டில் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான புதிய சட்டம் பிறந்து, 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி வந்த விதிகளின்படி, சரக்கின் மதிப்பை முன்னதாகவே எழுதிக் கொடுத்து அதற்குரிய அதிகக் கட்டணத்தையும் கட்டியிருந்தாலொழிய, நஷ்ட ஈடு என்பது கொடுத்த கூலியைப்போல் பத்து மடங்குக்குமேல் இல்லை. அறுபது ரூபாய் கூலி கொடுத்தவனுக்கு அதிகபட்சம் அறுநூறு ரூபாய். ஏலக்காயோ, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன பண்டம். தபாலில் அனுப்பலாமே என்பீர்கள். 1898-ஆம் ஆண்டுத் தபால் சட்டம், தபாலில் போன பொருள் தொலைந்தாலும் கெட்டாலும் தாமதமானாலும் சர்க்காருக்குப் பொதுவாகப் பொறுப்பு இல்லை என்று சொல்லிவைத்திருந்தது; 1986-இல் வந்த ஸ்பீடு போஸ்டில் பொருள் தொலைந்தால், கட்டிய கட்டணத்தின் இருமடங்கு, அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்று நிர்ணயித்தார்கள். அந்த அறுநூறு ரூபாய்க்கும்கூட வழக்காட வேண்டுமானால், பார்சலைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். சேலத்துப் பெட்டிக்கு நான் கொடுத்தேன். பண்டிதர் அதை வாங்கி, உறையின் ஓரங்களைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கனத்த கவராப் போட்டிருக்கலாம்ணே" என்றார்.

வாடிக்கையாளருக்கு இந்தச் சட்டமும் தெரியாது, பண்டிதரையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே கெட்டுப்போன சரக்கின் விலை என்னுடையது; மறுபடி அனுப்பும் சரக்கின் விலை என்னுடையது; இரண்டாம் தடவைக் கூலியும் என்னுடையது; அந்தக் கூலியையும் பண்டிதரிடமேதான் கட்டவேண்டியிருக்கிறது.

வேறு ஆபீசுக்குப் போகாமலும் இல்லை. எதிர்ச் சாரியில் புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். குளிர்ச்சாதனம் உண்டு, கையில் சிறு யந்திரம் பிடித்த இளைஞர்கள் உண்டு, பெட்டியைத் திரும்பிப் பார்க்காமலேயே வாங்கி, பின்னால் இருக்கும் குவியலில் எறிவார்கள். பார்சல் வரவில்லை என்றால் ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டுவார்கள். அதில் ஒரு பெண் குரல், நம்முடைய அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டுச் சங்கீதம் வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோதுதான், குற்றம் கண்டுபிடிப்பதற்காகவாவது என் பெட்டியைக் கையில் எடுத்து, தடவி, மோந்து பார்க்கிற ஜீவன் இந்தப் போடியில் பண்டிதர் ஒருவர்தான் என்பது எனக்கு விளங்கிற்று. திரும்பவும் அவரிடமே போய்ச் சேர்ந்தேன்.

ஆனால் அபிமானம் வேறு, கணக்கு வேறு. வழியில் போகிற காய்க்கும் நசுங்குகிற காய்க்கும் ஆகிற நஷ்டத்தை எவராவது சுமந்தாக வேண்டும். சுமக்கிற தொழிலை உடையவர் அதைச் சுமக்க மறுத்துவிட்டதால், கொஞ்சம் கொஞ்சமாக அதை வாங்குகிறவர்கள் தலையிலேயே இறக்கிவிட்டேன். மெட்டிலிருந்து நேரே வாங்கியும் இந்த விலையா என்று கேட்கிறவர்கள் என் பில்லின் கடைசி வரியைப் பார்க்கலாம். ஒரு தொகையைப் போட்டு, அதற்கு நேராகப் 'பேக்கிங் செலவு' என்று எழுதியிருப்பேன்.